இரண்டு சிவப்புப் பொட்டு

குரோம்பேட்டை. ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. சித்திரை வெயில் ஒன்பதேகாலுக்கே தெருவில் இறங்கிவிட்டது.

ஷட்டர் பாதி உயர்கிறது. நிற்கிறது. இடது ஓரத்தில் ஓர் உதை. மீதியும் உயர்கிறது.

கடை எட்டடிக்கு ஆறடி. மூன்று சுவரிலும் இரும்பு அலமாரி. மிக்ஸிகள், கிரைண்டர் மோட்டார்கள், இஸ்திரிப் பெட்டிகள், டிவியின் முதுகுகள். ஒவ்வொன்றிலும் செல்லோடேப்பில் ஒட்டிய துண்டுக் காகிதம். காகிதத்தில் பெயர் கிடையாது, அடையாளம் உண்டு. ‘மாடி வீட்டம்மா.’ ‘புல்லட்காரர்.’ ‘அவசரம்.’ அவசரம் என்ற காகிதம் பழுத்து மஞ்சளாகிவிட்டது.

சாமி படங்களைச் சுற்றிச் சீரியல் விளக்கு. முருகன் வரைக்கும் எரிகிறது. லட்சுமியும் பிள்ளையாரும் இருட்டில். கடைக்காரர் ஊதுபத்தியை மூவருக்கும் பொதுவாகச் சுற்றி, மரச்சட்டத்து இடுக்கில் செருகுகிறார்.

அட்டையில் ஓர் அறிவிப்பு: ‘30 நாட்களுக்கு மேல் பொருளுக்குக் கடை பொறுப்பல்ல.’ அதன் நேர் கீழே ஒரு மேசை மின்விசிறி. 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மின்விசிறி. யாரோ பழுதுக்குக் கொடுத்தது. வாங்க வரவில்லை. அரசு முத்திரை மங்காமல் கடைக்காரருக்குக் காற்று வீசுகிறது.

கடைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் டெஸ்டர். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. உதவிக்கு ஒரு பையன்.

ரிச்சி தெருவுக்கான பட்டியல் தயாராகிறது. 2.5 கண்டன்சர் பத்து. கப்ளர் ஆறு. 43 இன்ச் ஸ்ட்ரிப் ஒரு செட். சென்னையில் எந்தச் சாமான் செத்தாலும் அதன் உறுப்பு அண்ணா சாலைக்குப் பின்னால் அந்தத் தெருவில் கிடைக்கும். பையன் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறான். காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் படி இறங்குகிறான். கடைக்காரர் கூப்பிட்டு, காகிதத்தை மடித்து, அவன் சட்டைப் பையில் வைக்கிறார்.

பக்கத்தில் டீக்கடை. பலகாரப் பெட்டியின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பேசும் பெட்டி.

“பதினைந்து ரூபாய் பெறப்பட்டது.”

டீ மாஸ்டர் தலை நிமிர்வதில்லை. கொடுத்தவர் யாரென்று பார்ப்பதும் இல்லை. ஆற்றுகிறார்.

•

பத்து மணி. டீக்கடைக்கு அந்தப் பக்கம் நீலக் குடைப்பந்தல் ஒன்று முளைக்கிறது. இரண்டு இளைஞர்கள். இருவர் கழுத்திலும் டை. மடக்கு மேசை. வெள்ளை விரிப்பு. சுவரில் மாட்டும் குடிநீர் இயந்திரம் ஒன்று, மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் டீக்கடையிலிருந்து, நீண்ட வயரில். வாடகைக்குப் பதிலாக இருவரும் ஆளுக்கொரு டீ குடிக்கிறார்கள்.

“முப்பது ரூபாய் பெறப்பட்டது.”

ஒல்லியானவன் பேசுகிறவன். மற்றவன் துண்டுத்தாள் நீட்டுகிறவன்.

இரண்டு கண்ணாடி தம்ளர்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் இயந்திரத் தண்ணீர். பேனா மாதிரி ஒரு மீட்டர். குழாய்த் தண்ணீரில் முக்குகிறான். 640. உதறித் துடைத்து அடுத்ததில் முக்குகிறான். 38.

“டிடிஎஸ்” என்கிறான்.

நின்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்த மூன்றெழுத்தின் விரிவை யாரும் கேட்கவில்லை.

அடுத்து, நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு டப்பா. தம்ளருக்கு இரண்டு கம்பி. சுவிட்ச். கொஞ்ச நேரம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு குழாய்த் தண்ணீர் மஞ்சளாகிறது. மஞ்சள் பழுப்பாகிறது. கரும்பச்சையாய் ஏதோ திரண்டு மேலே மிதக்கிறது. மற்ற தம்ளர் தெளிந்தபடியே நிற்கிறது.

“இதத்தான் டெய்லி குடிக்கிறோம்.”

ஓர் இடைவெளி விடுகிறான். இடைவெளிக்கும் பயிற்சி உண்டு போல. அன்று முழுக்க அதன் நீளம் மாறுவதில்லை.

பள்ளிக்கூடப் பையுடன் ஒரு குழந்தை. தாய் அதன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறாள்.

பழுப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. தம்ளர் துடைக்கப்படுகிறது. அடுத்த கூட்டம்.

•

நைலான் கூடையில் ஐந்து எல்இடி பல்புகள். கொண்டுவந்த பெண் அவற்றின் அட்டைப் பெட்டிகளையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். பெட்டியில் அச்சு: 25,000 மணி நேரம். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் பதினோரு வருடம் தாண்டும். வாங்கியது போன தீபாவளிக்கு.

கடைக்காரர் வெள்ளைக் குமிழைத் திருகி நெம்புகிறார். உள்ளே வட்டத் தகடு. தகட்டில் பன்னிரண்டு மஞ்சள் சில்லுகள். பதினொன்று மஞ்சளாகவே இருக்கின்றன. ஒன்றின் நடுவில் குண்டூசி முனையளவு கறுப்பு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் இருட்டு. அந்தக் கறுப்பின் மேல் ஒரு சொட்டு ஈயம். ஹோல்டரில் மாட்டுகிறார். எரிகிறது.

“எவ்ளோ நாள் வரும்ணா?”

“எரியுற வரைக்கும்.”

பெட்டி மேல் இருக்கும் வாக்கியத்தைவிட இதில் பொய் குறைவு. ஐந்தில் மூன்று பிழைக்கின்றன. அந்த மூன்றையும் அந்தப் பெண் அட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடுகிறார்.

•

ஸ்கூட்டரில் இரண்டு பேர். நடுவில் ஒரு 43 இன்ச் டிவி. பின்னால் இருப்பவர் அதைக் கைக்குழந்தை போல அணைத்திருக்கிறார். முகம் டிவிக்குப் பின்னால். இறங்கிய பிறகுதான் அவருக்கு மீசை இருப்பது தெரிகிறது.

“சத்தம் வருது. படம் வரல.”

கடைக்காரர் வயரைச் செருகுகிறார். கறுப்புத் திரை. யாரோ ஒரு பெண் அழும் சத்தம். டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடிக்கிறார். வட்ட வெளிச்சத்தில் சாம்பல் நிறமாக ஒரு மாமியார் தெரிகிறாள். டார்ச் நகர்கிறது. அழும் மருமகள். டார்ச் நகர்கிறது. மாடிப்படி.

“படம் இருக்கு. பின்னாடி லைட்டு போயிருக்கு. ஸ்ட்ரிப் மாத்தணும்.”

செட்டிங்கில் எத்தனையில் வைத்திருந்தீர்கள் என்று கேட்கிறார். அண்ணன் தம்பியைப் பார்க்கிறார். தம்பி ஷட்டரைப் பார்க்கிறார். வாங்கிய நாளிலிருந்து நூறில்தான். ஷோரூமில் இருந்தது போலவே இருக்க வேண்டுமென்று யாரும் தொடவில்லை.

“ஷோரூம்ல நாப்பது டிவி வரிசையா நிக்கும். எது கண்ணுல குத்துதோ அதுதான் விக்கும். வீட்ல உங்களது ஒண்ணுதானே. அறுவதுல வையுங்க, லைட்டு சூடாகாது.”

“படம் டல்லடிக்குமே?”

கடைக்காரர் டார்ச்சை அணைக்கிறார். மாமியார் மறைகிறாள். அழுகை மட்டும் தொடர்கிறது.

ஒரு துண்டுக் காகிதம் டிவியின் முதுகில் ஏறுகிறது. ‘அழுகை.’

•

பத்தேமுக்கால். வெள்ளை வேட்டி, பிளாஸ்டிக் உறையோடு ஒரு ரிமோட். பெரியவர் ஸ்டூலில் உட்கார்கிறார். ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுகிறார். பாட்டரி மூடியைத் திறந்து, பாட்டரிகளைக் கட்டை விரலால் உருட்டுகிறார். மூடுகிறார். மறுபடி இரண்டு தட்டு.

“ரிமோட் செத்துடுச்சுப்பா.”

கடைக்காரர் மேசையில் கிடக்கும் பழைய போன் ஒன்றை எடுத்து, கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நெற்றிக்கு நேரே பிடிக்கிறார். பொத்தானை அழுத்தச் சொல்கிறார். போன் திரையில் ஒரு சின்ன ஊதா விளக்கு மினுக்குகிறது.

“உயிர் இருக்கு சார்.”

பெரியவர் ரிமோட்டை வெறும் கண்ணால் பார்க்கிறார். இருட்டு. போன் வழியாகப் பார்க்கிறார். ஊதா. இன்னும் நான்கு தடவை அழுத்திப் பார்க்கிறார். வந்த வேலை மறந்துவிடுகிறது.

சங்கதி மெல்ல வெளியே வருகிறது. டிவி மகன் வாங்கிக் கொடுத்தது. போட்டதும் படம் வருவதில்லை. கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வருகிறது. நேற்று முதல் அந்தப் பக்கமும் வராமல், உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல்லுக்கு ஓடிபி. ஓடிபி போவது மகனின் எண்ணுக்கு. மகன் நியூஜெர்சியில். அங்கே இப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றேகால்.

“எழுப்ப வேணாம்னு பாக்கறேன்.”

“நீங்க என்ன சார் பாப்பீங்க?”

“ஏழு மணி செய்தி. ஒம்போது மணி செய்தி.”

“கேபிள் பாக்ஸ் இருக்குல்ல?”

“அது இருக்கு, கீழ.”

கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறக்கிறார். உள்ளே சிவப்பு நகப்பூச்சுப் புட்டி. முக்கால்வாசி காலி. உறையை உரித்துப் போடுகிறார். ரிமோட்டில் நாற்பத்து நான்கு பொத்தான்கள். அவற்றில் ஒன்றில் ஒரு பொட்டு, இன்னொன்றில் ஒரு பொட்டு.

“டிவி போட்டதும் மேல் பொட்டு ஒரு தடவ. அப்புறம் கீழ் பொட்டு ஒரு தடவ. செய்தி வந்துடும். ஓடிபி வேணாம்.”

பெரியவர் ஊதிக் காய வைக்கிறார். நாற்பத்து நான்கையும் ஒருமுறை பார்க்கிறார்.

“மத்ததெல்லாம் எதுக்குப்பா?”

“இருந்துட்டுப் போகட்டும் சார்.”

எவ்வளவு என்ற கேள்விக்குக் கடைக்காரர் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டுகிறார்.

“பதினைந்து ரூபாய் பெறப்பட்டது.”

•

கல்லூரி மாணவன். ஜிப் பிளாஸ்டிக் உறைக்குள் போன். மூன்று நாள் அரிசிக்குள் இருந்துவிட்டு வருகிறது. கிணற்றடியில் வாளிக்குள் விழுந்ததாம்.

கடைக்காரர் இடுக்கியைச் சார்ஜர் துளைக்குள் விட்டு, ஓர் அரிசியை எடுக்கிறார். வெளிச்சத்தில் திருப்புகிறார்.

“புழுங்கல்.”

போனை அரிசியில் புதைக்க வேண்டாம், துகள் உள்ளே போகும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் தன் உதவிக் குறிப்பில் எழுதியது. அதற்குப் பிறகும் அரிசிப்பானைகள் ஓயவில்லை.

பின்மூடி திறக்கிறது. போர்டின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது. தண்ணீர் வெளியே வரவில்லை. மூன்று நாளும் உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது. பல் துலக்கும் பிரஷ், ஸ்பிரிட் புட்டி. கடைக்காரர் பொறுமையாகத் தேய்க்கிறார்.

“அன்னிக்கே ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

“அம்மாதான் அரிசில போடச் சொன்னாங்கண்ணே.”

“அந்த அரிசி?”

“தோசைக்கு ஊறப் போட்டுட்டாங்க.”

•

மதியம். துணிப்பைக்குள் சீலிங் ஃபேனின் வயிறு மட்டும். புது மாதிரி. பிஎல்டிசி. 28 வாட். பழைய ஃபேன் 75. கொண்டுவந்தவர் கணக்கு தெரிந்தவர். தினம் 12 மணி நேரம், இரண்டு மாதம். பழையது 54 யூனிட். புதியது 20. அரசு தரும் இலவச 100 யூனிட்டில் ஒரு ஃபேனே பாதிக்கு மேல் தின்கிறதென்று கணக்குப் பார்த்துத்தான் மாற்றியிருக்கிறார்.

கடைக்காரர் கணக்கை மறுக்கவில்லை. கணக்கு சரி. போர்டு போய்விட்டது. போன வார இடியில்.

“பழசுன்னா கண்டன்சர் மாத்தினா ஓடும். பத்து நிமிஷ வேல. இதுக்குப் போர்டு கம்பெனிலேர்ந்து வரணும்.”

“எத்தன நாள்?”

கடைக்காரர் மின்விசிறியைப் பார்க்கிறார். முத்திரை மின்விசிறி இடமும் வலமுமாகத் தலையாட்டுகிறது.

வந்தவருக்கு இன்னொரு குறையும் உண்டு. சுவரிலிருந்த ரெகுலேட்டரைக் கழற்றித் தகடு போட்டு மூடியாகிவிட்டது. வேகத்தைக் குறைக்க ரிமோட் வேண்டும். ரிமோட்டைத் தேட விளக்குப் போட வேண்டும். விளக்குப் போட்டால் வீட்டுக்காரம்மா எழுந்துகொள்கிறார். இரவு மூன்று மணிக்கு நடக்கும் இந்த வரிசையை அவர் கை அசைவுகளோடு விளக்குகிறார். தலையணைக்கு அடியில் தேடும் இடம் மிகத் துல்லியம்.

•

கண்ணாடி, பருத்திப் புடவை, குடை. தெருவில் எல்லோருக்கும் டீச்சர். அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது.

டீச்சரின் மிக்ஸி கல்யாணச் சீராக வந்தது. பித்தளைப் பாத்திரம் போலக் கனம். கடைக்காரர் கவிழ்க்கிறார். கறுப்புக் கப்ளரின் பற்கள் மழுங்கிவிட்டன. மரை தலைகீழ், கழற்றுவதற்கு வலப்பக்கம் திருக வேண்டும். கப்ளர் தேய்வதற்கென்றே பிறந்தது. ஜாரில் தேங்காய்ச் சில்லு சிக்கினால் மோட்டாருக்குப் பதிலாக இது உயிரை விடும். வடிவமைத்தவன், உடையும் நாளையும் யோசித்திருக்கிறான்.

“பையன் ரிச்சி தெருவுலேர்ந்து வந்துட்டே இருக்கான் டீச்சர்.”

டீச்சர் ஸ்டூலில் உட்கார்கிறார். ஸ்டூலிலிருந்து குடைப்பந்தல் நேராகத் தெரிகிறது.

முதல் காட்சி. மஞ்சள், பழுப்பு, கரும்பச்சை. “இதத்தான் டெய்லி குடிக்கிறோம்.” இடைவெளி.

இரண்டாம் காட்சி. மஞ்சள், பழுப்பு, கரும்பச்சை. இடைவெளி. ஒருவர் முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறார்.

மூன்றாம் காட்சியின்போது டீச்சர் குடையை மடக்கி மேசை மேல் வைக்கிறார். எழுந்து டீக்கடைக்குப் போகிறார்.

“மாஸ்டர், கொஞ்சம் உப்பு.”

மாஸ்டர் போண்டா மாவுக்குப் போடும் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் வைத்துத் தருகிறார். டீச்சர் பந்தலுக்குள் போகிறார். கூட்டம் வழிவிடுகிறது. ஆசிரியர்களுக்கு வழிவிட்டுப் பழகிய கூட்டம்.

“தம்பி, நல்ல தண்ணி எது?”

“இது மேடம்.”

தெளிந்த தம்ளரில் உப்பு விழுகிறது. டீச்சர் மேசையிலிருந்த ஸ்பூனால் கலக்குகிறார். ஸ்பூனைத் தம்ளர் விளிம்பில் இரண்டு முறை தட்டி, பக்கத்தில் படுக்க வைக்கிறார்.

“இப்பப் போடுங்க.”

ஒல்லி இளைஞன் மற்றவனைப் பார்க்கிறான். மற்றவன் துண்டுத்தாள்களை அடுக்குகிறான். சுவிட்ச்.

நல்ல தண்ணீர் மஞ்சளாகிறது. பழுப்பாகிறது. குழாய்த் தண்ணீரைவிட வேகமாகத் திரள்கிறது.

பந்தலில் ஓர் இடைவெளி. இதற்குப் பயிற்சி இல்லை.

“அழுக்கு தண்ணில இல்ல தம்பி. உங்க கம்பில ஒண்ணு இரும்பு. கரண்ட் ஓடினா அது கரையும். ஓடறதுக்கு உப்பு வேணும். உங்க மெஷின் உப்ப எடுத்துட்டதால ஓடல. அவ்ளோதான்.”

குரலில் கோபம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு, மின்னாற்பகுப்பு, இரண்டாவது பீரியட்.

துண்டுத்தாளில் 500 என்ற எண் சிவப்பு வட்டத்துக்குள் இருக்கிறது. டீச்சர் அதைப் படிக்கிறார். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் அது ஏற்கத்தக்க அளவு. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரைக்கும் அனுமதி உண்டு. வட்டத்துக்குள் 2,000 இல்லை.

முன்பணம் கேட்டவர் பின்பக்கம் தொங்கும் மெல்லிய குழாயைச் சுட்டுகிறார். அதன் வழியாக ஒரு பக்கெட்டுக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. இயந்திரத்தின் ஜாடி கால்வாசி. பக்கெட் முக்கால்வாசி.

“அது வீடு துடைக்கலாம் சார்” என்கிறான் மற்றவன். காலையிலிருந்து அவன் பேசும் முதல் வாக்கியம்.

தெருமுனையில் இளநீர் வண்டி. கூட்டத்தில் ஒரு சிறுவன் பாதி குடித்த இளநீரோடு நிற்கிறான். மேசையிலிருந்த பேனா மீட்டரை எடுத்து, யாரும் பார்ப்பதற்குள், இளநீருக்குள் விடுகிறான். எண் ஏறுகிறது. 640ஐத் தாண்டுகிறது. நான்கு இலக்கமாகிறது. சிறுவன் அதைப் பார்க்கிறான். மீட்டரை டவுசரில் துடைத்து வைத்துவிட்டு, மீதி இளநீரை உறிஞ்சுகிறான்.

“பதினைந்து ரூபாய் பெறப்பட்டது.”

பையன் வந்துவிட்டான். கப்ளர் இடப்பக்கம் திரும்பி இறுகுகிறது. மிக்ஸி உறுமுகிறது. டீச்சர் அதைக் கைக்குட்டையால் துடைத்துப் பையில் போடுகிறார். போகிற வழியில் பந்தலருகே நிற்கிறார்.

“சாப்டியாப்பா?”

“இனிமேதான் டீச்சர்.”

மேடம், டீச்சராகிவிட்டது.

•

நாலரை. டப்பா மேசைக்கு அடியில் போய்விட்டது. பேனா மீட்டர் மட்டும் வேலை செய்கிறது. ஒல்லி இளைஞன் குரலைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறான். இன்னும் இரண்டு பேர் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

கடையில் ஒரு பெண். முப்பதுகளின் நடு. கைப்பையிலிருந்து இரண்டு போன்கள் வெளியே வருகின்றன. ஒன்று மாமியாருடையது, பொத்தான் போன், நோக்கியா. ஐந்தாம் எண் அழுந்தவில்லை. மற்றது அவருடையது. பின்பக்கம் புடைத்துக் கண்ணாடி விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருக்கிறது.

“பாட்டரி ஊதிடுச்சு. சார்ஜ்ல போடாதீங்க” என்கிறார் கடைக்காரர். கை முதலில் அதற்குத்தான் போகிறது.

ஹீட் கன். வெப்பம் ஓரங்களில் ஊர்கிறது. கிடார் வாசிக்கும் முக்கோணத் தகடு விளிம்பில் நுழைந்து, பசையை அறுத்தபடி மெல்லச் சுற்றிவருகிறது. பையன் மூச்சை அடக்கிப் பார்க்கிறான். பாட்டரியும் பசையில். அதற்கும் வெப்பம். அதற்கும் தகடு. அரை மணி நேரம் ஆகும்.

அதுவரை அந்தப் பெண்ணின் கை சும்மா இருக்கவில்லை. பொத்தான் போனைத் திருப்புகிறது. கட்டை விரல் ஓர் இடத்தில் அழுந்துகிறது. மூடி கழல்கிறது. பாட்டரி உள்ளங்கையில் விழுகிறது. ஒட்டியிருந்த தாளைப் பார்க்கிறார். பாட்டரி உள்ளே, மூடி மேலே, ஒரு சொடக்கு. அத்தனையும் மூன்று விநாடி. மறுபடி கழற்றுகிறார். மறுபடி சொடக்கு.

“ஸ்ரீபெரும்புதூர்ல இருந்தேன்ணா. நோக்கியாவுல.”

2006இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. 2014 நவம்பர் 1 அன்று நின்றது. விரல்களுக்கு அந்தத் தேதி இன்னும் தெரியாது.

ஐந்தாம் எண்ணுக்கு அடியில் ஒரு துளி ஸ்பிரிட். அந்த எண்ணின் மேல் மட்டும் சின்ன மேடு இருக்கும், கண் தெரியாதவர் விரலுக்கு. அழுந்துகிறது.

டீக்கடையிலிருந்து போண்டா வருகிறது, செய்தித்தாள் துண்டில். போனிலும் மற்ற கையடக்கச் சாமான்களிலும் வாங்கியவரே பாட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதி, ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருவதைப் பற்றிய செய்தி. விதிவிலக்குகள் இருக்கும் பத்தியில் எண்ணெய் ஊறியிருக்கிறது. பையன் போண்டாவைப் பிட்டபடி முதல் பத்தியைச் சத்தமாகப் படிக்கிறான்.

“அப்ப நமக்கு?” என்கிறான்.

கடைக்காரர் தகட்டால் பசையைச் சுரண்டுகிறார்.

•

ஆறரை. நெட்வொர்க் போகிறது. பேசும் பெட்டி வாய் மூடுகிறது. டீ மாஸ்டர் அன்று முதல் முறையாகத் தலை நிமிர்ந்து, குடிப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். ஒவ்வொருவரும் போன் திரையை நீட்டிக் காட்டுகிறார்கள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டுகிறார். தூணில் கரித்துண்டால் ஒரு கோடு. இன்னொரு கோடு. ஐந்தாவது, குறுக்கே.

பந்தல் மடிகிறது. ஒல்லி இளைஞன் கடைப் படியேறுகிறான். டை தளர்ந்திருக்கிறது.

“அண்ணே, போன்ல சார்ஜ் ஏறல. ஆர்டர்லாம் இதுலதான் அனுப்பணும்.”

கடைக்காரர் கண்ணாடியை இறக்குகிறார். துளையைப் பார்க்கிறார். ஊசி ஒன்றை எடுத்து மெதுவாகத் தோண்டுகிறார். சாம்பல் நிறப் பஞ்சு வருகிறது. சட்டைப் பைப் பஞ்சு. இன்னும் கொஞ்சம். மேசை மேல் மிளகளவு குவிகிறது. வயரைச் செருகுகிறார். பச்சை மின்னல் குறி.

“போர்டு போச்சு, நாலாயிரம் ஆகும்னாங்கண்ணே, வேற கடையில.”

கடைக்காரர் பஞ்சை ஊதித் தள்ளுகிறார். காசு வாங்கவில்லை.

இளைஞன் டீக்கடைக்கு வருகிறான். வயரைச் சுருட்டிக் கொடுக்கிறான். ஓரத்தில் நீல பிளாஸ்டிக் டிரம். மேலே தட்டு, தட்டில் எவர்சில்வர் சொம்பு. தட்டை நகர்த்தி, சொம்பை முக்கி, அண்ணாந்து குடிக்கிறான். தொண்டை ஏறி இறங்குகிறது. இரண்டாவது சொம்பு. சட்டைப் பையில் பேனா மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது.

•

ஏழேமுக்கால். கடைக்காரர் முத்திரை மின்விசிறியை நிறுத்துகிறார். அது உடனே நிற்பதில்லை. பையன் சீரியல் விளக்கின் இருண்ட பாதியை ஆட்டிப் பார்க்கிறான். லட்சுமி ஒரு கணம் எரிந்து அணைகிறாள். “நாளைக்குப் பாக்கலாம்” என்கிறார் கடைக்காரர்.

வெள்ளை வேட்டி தெருவில் வருகிறது. ஏழு மணிச் செய்தி முடிந்து ஒன்பது மணிச் செய்திக்கு முன்னால் ஒரு நடை. பெரியவரின் காதில் போன். குரல் அமெரிக்கா வரைக்கும் நேரிலேயே கேட்கும்.

“வந்துடுச்சா? ஆறு நம்பரா? இருக்கட்டும்டா, நீயே வெச்சுக்கோ.”

கடையைக் கடக்கையில் கையை உயர்த்திக் காட்டுகிறார். கடைக்காரர் தலையசைக்கிறார்.

“இல்லடா, தெரியுது. நல்லாத் தெரியுது. ரெண்டு பொட்டு வெச்சுக் குடுத்திருக்கார்.”

மறுமுனையில் ஏதோ கேள்வி.

“பொட்டுடா. பொட்டு.”

ஷட்டர் பாதி இறங்குகிறது. நிற்கிறது. இடது ஓரத்தில் ஓர் உதை.